ஹில்டா எழுதிக்கொடுத்த வீடு

முப்பத்தொரு வருடம் ஹில்டா கிரெஸ்வெல் பார்த்த வேலை, செத்தவர்கள் விட்டுப்போனதைச் சரிபார்ப்பது. நாட்டிங்ஹாமில் வாரிசு வரி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த மேசை அவளுடையது. வீடு எவ்வளவு பெறும், வங்கியில் எவ்வளவு கிடக்கிறது, கடைசி ஏழு வருடத்தில் இறந்தவர் யாருக்கு என்ன கொடுத்தார் என்றெல்லாம் படிவங்கள் கேட்கும். அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களைத் துருவுவதுதான் ஹில்டாவின் பிரிவுக்கு வேலை.

பிள்ளைக்கு ஒரு சொத்தைக் கொடுத்துவிட்டு ஏழு வருடம் உயிரோடு இருந்துவிட்டால் அதற்கு வரி கிடையாது. அதற்குள் கண்ணை மூடிவிட்டால், கொடுத்தது கொடுக்காததுபோல் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விலக்குக்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு நாற்பது அரசாங்கத்துக்கு. டெவன் பக்கத்து ஆள் ஒருவர் ஏழு வருடத்துக்கு ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போது தோட்டத்தில் விழுந்து செத்தார். அந்தக் கோப்பை முடித்து அனுப்பியவள் ஹில்டாதான். அன்று மத்தியானச் சாண்ட்விச்சைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். ஆனாலும் ஒரு காசு குறைக்கவில்லை.

கொடுத்தேன் என்று எழுதிவிட்டு அந்த வீட்டிலேயே சும்மா குடியிருப்பவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அது கொடுத்ததே ஆகாது. கொடுத்த வீட்டில் இருக்க வேண்டுமானால் ஊரார் கொடுக்கும் வாடகையைக் கொடுத்துவிட்டு இருக்க வேண்டும். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் செத்தார்கள்!

அவள் புருஷன் ரோலண்ட் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஓய்வுபெற்ற எட்டாம் வருடத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய அப்பா காலத்துச் செங்கல் வீடு ஹில்டாவுக்கு வந்தது. ஆறு அறை, மதில் சூழ்ந்த தோட்டம். வாங்கியபோது யாரும் சீந்தாத தெரு, இப்போது மருத்துவர்களும் வக்கீல்களும் போட்டி போடும் தெருவாகிவிட்டது. எழுபத்தொரு வயதில் ஹில்டா வீட்டை மதிப்பிட ஆளை வரச் சொன்னாள். அவன் சொன்ன தொகை ஏழு லட்சத்து எண்பதாயிரம் பவுண்ட்.

கூட வேலை பார்த்த பெரில்தான் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. வியாழக்கிழமை தவறாமல் டீக்கு வருவாள், வரும்போதே வாயையும் திறந்துகொண்டுதான் வருவாள்.

"ஏண்டி, ஏழு எண்பதா? சேமிப்பு வேற வச்சிருக்க. நீ செத்தேன்னு வையி, ஃபைல் நேரா நம்ம மாடிக்குத்தான் போகும். நீ திட்டித் திட்டி வேலை கத்துக்குடுத்த பசங்க எல்லாரும் சுத்தி உக்காந்து, 'பாரு, நம்ம ஹில்டா மேடமே கோட்டை விட்டுட்டாங்க'ன்னு பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டே சிரிப்பானுங்க."

பெரில் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஹில்டாவுக்கு அது முள்ளாகத் தைத்தது. ஒற்றை மகன் டங்கன், அவனுக்கு மனைவி ரோவீனா, இரண்டு பெண் குழந்தைகள். அவனுக்குப் போக வேண்டியதுதானே? இப்போதே போகட்டும், சுத்தமாகப் போகட்டும். தன் கோப்பில் யாரும் ஒரு பென்சில் கோடுகூடப் போடக்கூடாது.

2009 மார்ச் பன்னிரண்டாம் தேதி வக்கீல் ஜூடித் அட்கினின் அறையில் பத்திரம் தயாராக இருந்தது. ஜூடித் நிதானமான பெண். பேனாவை மூடியைக் கழற்றாமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏழு வருஷம் இருப்பீங்களான்னு எல்லாக் கணக்கும் போட்டாச்சு. உங்க மகன் இருப்பாரான்னு யாரும் பாக்கலையே?"

"அவனுக்கு நாப்பத்தொரு வயசு. போன வருஷம் மாரத்தான் ஓடினான்."

"இருக்கட்டும். நீங்க இருக்கற வரைக்கும் உங்களை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாத மாதிரி ஒரு குத்தகை எழுதிக்கலாம். வாடகையும் ஒழுங்காத்தான் கட்டப்போறீங்க."

"ஆயுசுக்கும் உரிமைன்னு ஒரு வரி எழுதினாப் போதும், அப்ப இது கொடுத்ததே இல்லன்னு எங்க ஆபீஸ்ல பத்துக் கடிதாசி போடுவாங்க. நானே போட்டிருக்கேன். எனக்கே பாடம் எடுக்கறீங்களே, கண்ணு!"

ஜூடித் சிரிக்கவில்லை. "உங்களுக்குச் சட்டம் என்னைவிட நல்லாத் தெரியும். நான் சொல்றது சட்டத்தைப் பத்தி இல்ல" என்றாள். பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள்.

வெளியே வந்ததும் டங்கன் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "இனிமே நான்தான் வீட்டுக்காரன். குடித்தனக்காரம்மா ஒண்ணாந்தேதி டாண்ணு வாடகையைப் போட்டுடணும், தெரிஞ்சுதா?" என்றான். இருவரும் சிரித்தார்கள். அடுத்த ஒண்ணாந்தேதி முதல் ஹில்டாவின் ஓய்வூதியத்தில் பெரும்பங்கு மகன் கணக்குக்குப் போனது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அதன்பிறகு சாகாமல் இருப்பதே ஹில்டாவுக்கு வேலையாகிப்போனது. ஏணியில் ஏறுவதை விட்டாள். வாரம் இருமுறை நீச்சலுக்குப் போனவள், ஈரத்தரை வழுக்கும் என்று அதையும் விட்டாள். ஆளே இல்லாத சாலையிலும் பச்சை விளக்குக்காக நின்றாள். பனி விழுந்த நாட்களில் கதவைத் திறக்கவே இல்லை. "வாழறதுக்கு வழி பாருன்னா, சாகாம இருக்கறதுக்கு வழி பாக்கற" என்று பெரில் குத்திக்காட்டினாள். ஹில்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு வருடம் கழிந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. மூன்று தாண்டியதும் வரி படிப்படியாகக் குறையத் தொடங்கும். அன்றைக்கு மட்டும் அரை கிளாஸ் ஷெர்ரி ஒயின் ஊற்றிக்கொண்டாள்.

வீடு மெல்ல அவள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. காகிதத்தில் ஒரே நாளில் போனது, மற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக. பின்கட்டுச் சுவர் ஒழுகியபோது, ஆளைக் கூப்பிடலாமா என்று மகனிடம் கேட்க வேண்டியிருந்தது. "பாக்கலாம்மா" என்றான். பார்க்கவில்லை. ஈரம் ஜன்னல் வரை ஏறியது.

டங்கன் சமையலறை அலமாரிகள் செய்து பொருத்தும் கடை நடத்திவந்தான். நன்றாக ஓடிய கடைதான். நாலாவது வருடத்தில் அவன் சிரிப்பு கூடியது. காரணமில்லாத சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை வறுத்த ஆட்டிறைச்சி என்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுபவன், முதல் தட்டையே கிளறிவிட்டு வைத்தான். போனை மேசையில் கவிழ்த்தே வைத்தான். அது அடிக்கடி உறுமியது. "எடேன்" என்றால், "ஞாயித்துக்கிழமைம்மா" என்பான்.

நவம்பரில் ஒருநாள் தனியாக வந்தான். மேல்கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தான்.

"இதுல ஒரு கையெழுத்து வேணும்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

ஹில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வாழ்நாளில் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவள் இல்லை. ஒரே பக்கம். வீட்டின் பேரில் ஒரு கம்பெனி கடன் தருகிறது. அந்த வீட்டில் குடியிருப்பவர், கடன் திரும்பாத பட்சத்தில், தனக்குள்ள எந்த உரிமையையும் கோராமல் வெளியேறச் சம்மதிக்கிறார். கீழே புள்ளிக்கோடு.

"எவ்வளவுடா?"

அவன் சொன்னான். வீட்டில் முக்கால்வாசி.

"ரோவீனாவுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம்மா. வசந்தத்துக்குள்ள அடைச்சிடுவேன். ஒரு பெரிய ஹோட்டல் ஆர்டர் வருது. வந்துடும். அவகிட்ட மட்டும் வாயத் திறந்துடாத, சத்தியமா."

"உக்காந்து கணக்கைக் காட்டு. நான் பாக்கறேன்."

"கணக்குப் பாக்க நேரமில்ல. திங்கட்கிழமை காலைல பதினோரு பேருக்குச் சம்பளம் போடணும்." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "வீடு என்னுதுதானேம்மா?" என்றான்.

அதில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை அவளே கட்டணம் கட்டிப் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இந்தக் காகிதம் என்ன செய்யும் என்று அந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. வரிவரியாகத் தெரிந்தது. தெரிந்தே பெயரை எழுதினாள். டங்கன் எழுந்து அவள் தலையில் முத்தமிட்டான். அவன் உதடு சில்லென்று இருந்தது.

புத்தாண்டுக்குப் பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. தடித்த உறை, டங்கன் பெயர், இந்த வீட்டு முகவரி. முதல் இரண்டை அவன் வந்து எடுத்துப்போனான். மூன்றாவதற்கு, "இருக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கறேன்" என்றான். பிறகு அவன் வருவதே குறைந்தது. ஹில்டா ஒன்றையும் பிரிக்கவில்லை. பிறர் கடிதத்தைப் பிரிப்பவள் இல்லை அவள். மேசை இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஹோட்டல் ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்க ஒவ்வொரு முறையும் வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் உருளைக்கிழங்கைப் பரிமாறினாள். வாசலில் கடிதம் விழும் சத்தம் கேட்டாலே மாடிப்படியில் அப்படியே நின்றுவிடுவாள். வசந்தம் வந்தது, போனது. மறு வருட வசந்தமும் போனது.

2014 ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை காலை ரோவீனா போன் செய்தாள். டங்கன் கடையில் கீழே விழுந்துகிடந்தானாம். வேலையாட்கள் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார்களாம். "மாரடைப்பாம், அத்தை. வழியிலேயே…" அதற்குமேல் அவளால் முடியவில்லை. அவனுக்கு நாற்பத்தாறு வயது.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் ரோவீனா உயிலோடு வந்தாள். எல்லாம் மனைவிக்கு என்று இரண்டே பக்கம். அவள் பள்ளியில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைல கொஞ்சம் நிலவரம் சரியில்லைன்னு சொல்றாங்க, அத்தை. பரவாயில்ல. இந்த வீடு இருக்கே. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நீங்க இங்கேயே இருங்க, யாரும் உங்களை எதுவும் கேக்க மாட்டாங்க."

ஹில்டா எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தாள். பதினான்கு உறைகளைக் கொண்டுவந்து ரோவீனாவின் முன்னால் வைத்தாள்.

ரோவீனா ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் உதட்டில் நிறம் போயிற்று. கடைசி உறையில் கடன் பத்திரத்தின் நகலும் அதோடு அந்த ஒற்றைப் பக்கமும் இருந்தன.

"இது உங்க கையெழுத்து."

"ஆமா."

"அவர் ஏதோ சொல்லி வாங்கிட்டாரு. நீங்க படிக்கல."

பொய் சொல்ல வழி திறந்தே இருந்தது. ரோவீனாவே திறந்துவிட்டிருந்தாள். ஹில்டா அந்தப் பக்கம் போகவில்லை.

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது."

"ஒரு போன், அத்தை. ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா… நான் என் நகையை வித்திருப்பேன், கடையை மூட வச்சிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். அந்த மனுஷன் உயிரோடயாவது இருந்திருப்பாரு!"

"சொல்லாதேன்னு சத்தியம் கேட்டான்."

"சரி. அவர் உங்க புள்ளை. அப்ப நான் யாரு? அந்தப் பொண்ணுங்க யாரு?"

ரோவீனா உறைகளைச் சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபரில் கடன் கொடுத்த கம்பெனி வீட்டை விற்றது. வட்டியும் செலவும் கடையின் கடன்களும் போக ரோவீனாவுக்கு மிஞ்சியது ஒரு பழைய கார் விலை. ஹில்டா சேமிப்பில் பாதியைப் பேத்திகள் பெயருக்கு அனுப்பினாள். ரசீதுகூட வரவில்லை. ட்ராம் பாதை ஓரத்தில், சலவைக்கடைக்கு மேலே ஒரு படுக்கையறை வீடு கிடைத்தது. ட்ராம் போகும்போதெல்லாம் அலமாரியில் கோப்பைகள் நடுங்கின. பெரில் வந்து சாமான்களை எடுத்துவைத்தாள். அன்றைக்கு அவள் ஒரு கேலிகூடப் பேசவில்லை. அதுதான் ஹில்டாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஏழு மாதம் ரோவீனாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் படியேறி வந்தாள். கையில் தடித்த படிவம். அது வாரிசு வரிப் படிவம் என்று எட்டத்தில் பார்த்தே ஹில்டாவுக்குத் தெரிந்துவிட்டது.

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்ல. உங்களுக்கு இது தெரியும். அதுக்காகத்தான் வந்தேன், வேற எதுக்கும் இல்ல."

"உக்காரு."

ஜன்னலோர மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஹில்டா கேட்டாள், ரோவீனா சொன்னாள், ஹில்டா எழுதினாள். இறந்தவரின் முழுப்பெயர். இறந்த தேதி. தொழில். இறந்தவருக்குச் சொந்தமாயிருந்து வேறொருவர் குடியிருந்த வீடு ஏதும் உண்டா? குடியிருந்தவர் யார்? ஹில்டா தன் பெயரை எழுதினாள். உறவு என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதினாள். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ கட்டங்களில் மகன், மகள் என்று வாசித்திருக்கிறாள். தாய் என்றோ தகப்பன் என்றோ எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அப்போது அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"வரி எவ்வளவு வரும்?" என்றாள் ரோவீனா.

"ஒண்ணும் வராது. புருஷன்கிட்டேருந்து பொண்டாட்டிக்குப் போறதுக்கு வரி கிடையாது. போறதுக்கும் ஒண்ணுமில்ல." பேனாவைக் கீழே வைத்தாள். "ஆனா இன்னொண்ணு இருக்கு. இதை இன்னிக்கே சொல்லிடறேன். ஒரு தடவை சொல்லாம விட்டது போதும்."

ரோவீனா நிமிர்ந்தாள்.

"நான் வீட்டைக் கொடுத்து இன்னும் ஏழு வருஷம் ஆகல. அதுக்குள்ள நான் செத்தா அந்த வீட்டுக்கு வரி உண்டு. வாங்கினவன்தான் கட்டணும். வாங்கினவன் இல்லேன்னா, அவன் சொத்தைப் பாத்துக்கறவங்க."

"நானா?"

"முதல்ல உன்கிட்டதான் வருவாங்க."

"இல்லாத வீட்டுக்கா? எவனோ வித்துத் தின்ன வீட்டுக்கா?"

"கொடுத்த அன்னிக்கு வீடு இருந்துதே. அவங்க அதைத்தான் பாப்பாங்க. இன்னிக்கு நான் போனா இருபதாயிரம் பவுண்ட் கிட்ட வரும். அடுத்த மாசம் தாண்டினா அதுல பாதி. அடுத்த வருஷம் மார்ச் பன்னெண்டு தாண்டிட்டா ஒண்ணுமே இல்ல. என் சேமிப்புல மிச்சமிருக்கறதை இதுக்குன்னு ஒதுக்கி எழுதி வச்சிருக்கேன். ஆனா ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்னு போனா அது எத்தனை நாள் நிக்கும்னு தெரியாது."

கீழே ட்ராம் போயிற்று. பிறகு ரோவீனா படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் திரும்பி, "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரி." ரோவீனா வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த நாளும் எட்டு மணி. அதற்கடுத்த நாளும். பாசமா பயமா என்று ஹில்டா கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள். ஏழரைக்கே எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஏழு வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஜனவரியில், சளி நெஞ்சில் இறங்கியது. நிமோனியா என்றார்கள். மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு கிடந்தவளுக்கு நாட்கள் குழம்பின. தேதி மட்டும் குழம்பவில்லை. நர்ஸ் வரும்போதெல்லாம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். ஒரு மாலை கண் திறந்தபோது ரோவீனா கட்டிலருகே குனிந்திருந்தாள். மகனின் மனைவியின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் ஹில்டா பார்த்ததில்லை. களைப்பும் வெறுப்பும் கலந்த முகம்.

"இப்பப் போகக்கூடாது" என்றாள் ரோவீனா பல்லைக் கடித்துக்கொண்டு. "கேக்குதா? உங்க இஷ்டத்துக்கு எல்லாத்தையும் பண்ணீங்க. இதை என் இஷ்டத்துக்குப் பண்ணுங்க. மூச்சை இழுங்க!"

ஹில்டா இழுத்தாள். ஒவ்வொரு மூச்சும் ஈரக் கோணியை இழுப்பதுபோல வந்தது. பிப்ரவரி நடுவில் சலவைக்கடை மாடிக்குத் திரும்பினாள். பாதி ஆளாகியிருந்தாள்.

மார்ச் பன்னிரண்டு சனிக்கிழமை. எட்டு மணிக்குப் போன் வந்தது, "இருக்கீங்களா", "இருக்கேன்", அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஹில்டா வழக்கம்போல் ஏழரைக்கே உட்கார்ந்தாள். எட்டு அடித்தது. எட்டேகால். எட்டரை. இனி வராது என்று புரிந்தது. வராததில் நியாயம் இருந்தது. எழுந்துபோய் டீ போட்டாள். ஆறவிட்டாள். வேறு போட்டாள்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது.

"தூங்கிட்டேன்" என்றாள் ரோவீனா. "ஒரு வருஷத்துல இன்னிக்குத்தான் இவ்வளவு நேரம் தூங்கினேன். தேதி தாண்டிடுச்சுல்ல?"

"தாண்டிடுச்சு."

"அப்ப இனிமே நீங்க எப்ப வேணா போலாம்."

"போலாம். யாருக்கும் செலவில்ல."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று ஹில்டாவுக்குப் பிடிபடவில்லை. அது நிற்கும் வரை காத்திருந்தாள்.

"பொண்ணுங்க உங்களைப் பாக்கணும்ங்கறாங்க" என்றாள் ரோவீனா. "நான் மேலே வர மாட்டேன். மத்தியானம் கீழே இறக்கி விடறேன். நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவேன்."

"சரி."

"அவங்ககிட்ட எதையும் மறைக்காதீங்க. அப்பாவைப் பத்திக் கேப்பாங்க. கேட்டா சொல்லுங்க."

ஹில்டா போனை வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். வீட்டில் கேக் செய்ய முட்டை இல்லை. படியைக் கையால் பிடித்துப் பிடித்து இறங்கி, ட்ராம் பாதையைக் கடந்து, கடைக்குப் போனாள்.